குதிரைகள் மட்டும் தெரியும் திரை

கனிஷ்கா என்ன வேலை பார்க்கிறாள் என்பதை அவள் அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. ஒருநாள் சலித்துப்போய், "பேய் வீட்டுக்குக் காவல் இருக்கேம்மா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நகரத்து வெயில் தாங்காமல் குதிரைப் பந்தயக் கழகம் செங்கல்பட்டைத் தாண்டி வந்து, முன்பு ஏரியாக இருந்த ஒரு பள்ளத்தை மேடாக்கி, அதன்மேல் லாயம் கட்டியிருந்தது. ஒவ்வொரு குதிரைக்கும் தனி அறை. அறைக்குள் குளிர்காற்று. தரையில் மெத்தைபோல மரத்தூள். கூரையோரத்தில், சாய்வாக, ஒரு வெப்பக் கேமரா. குளிர்ந்தது நீலம், சூடானது மஞ்சள், கொதிப்பது சிவப்பு. குதிரை வலியை மறைக்கும். நொண்டுவதைக் காட்டிக்கொண்டால் உயிர் போய்விடும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. ஆனால் வீங்கப்போகும் தசைநாரின் சூட்டை அதனால் மறைக்க முடியாது. கால் நொண்டுவதற்குப் பல நாள் முன்பே திரையில் ஒரு மஞ்சள் கோடு விழுந்துவிடும். கோடு விழுந்த குதிரையைத் தனியே குறித்து மேலே அனுப்ப வேண்டியதுதான் கனிஷ்காவின் வேலை. அதற்குப் பிறகு அந்தக் குதிரைக்கு என்ன ஆகும் என்று கேட்பது அவள் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அந்தத் திரையில் மனிதர்கள் தெரியமாட்டார்கள். அதனால்தான் பேய் வீடு. கதவு தானாகத் திறக்கும். தண்ணீர் வாளி அந்தரத்தில் மிதந்து வரும். குதிரை யாரோ கேட்டதுபோல் தானாகக் காலைத் தூக்கிக் கொடுக்கும். குளம்பிலிருந்து அழுக்கு தானாகக் கழன்று விழும். சேர்ந்த புதிதில் கனிஷ்காவுக்கு முதுகு சில்லிட்டது. பிறகு பழகிவிட்டது. அவள் அப்பா சாலைக்குத் தார் ஊற்றுகிறவர். "படிச்சிட்டு நெழல்ல உக்காரு, போதும்" என்பது அவருடைய ஒரே ஆசை. அவள் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். கம்ப்யூட்டர்களுக்காகக் குளிர வைத்த அறையில், வெளியே பறவைகள் சுருண்டு விழும் மத்தியானங்களில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் பாப்பாவுக்குக் கோடு விழுந்தது. பந்தயப் புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. பாப்பா என்பது அதைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரர் முனிரத்தினம் வைத்த பெயர். புதன்கிழமை மத்தியானம் முழுக்க அந்தப் பெண் குதிரை வலது பின்காலைத் தூக்கியபடி நின்றது. மறுநாள் அதன் இடது பின்காலில் முழங்காலிலிருந்து குளம்புவரை சிவப்பு. படம் தீர்ப்பு எழுதிவிட்டது: ஒரு காலை ஊன்ற முடியவில்லை, மறுகாலில் அழற்சி, ஓட்டத்துக்கு லாயக்கில்லை. சனிக்கிழமை சாயங்காலம் உயிரை எடுக்கும் ஊசி.

அதே புதன்கிழமை முனிரத்தினம் செத்துப்போனார். மதில் சுவருக்கு வெளியே குழாயடியில் கிடந்தார் என்று காவலாளிகள் சொன்னார்கள். குடித்துவிட்டு வெயிலில் விழுந்திருப்பார் என்றும் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய மனைவி அமுதா கனிஷ்காவின் அறை வாசலில் வந்து நின்றாள். லாயத்துச் சமையல் கொட்டகையில் குதிரைகளுக்குக் கொள்ளு வேகவைக்கிறவள். கையில் இன்னும் கொள்ளு வாசனை.

"உள்ள வாங்கக்கா."

"வேணாம். குளுரு எனக்கு ஒத்துக்காது." வாசலைத் தாண்டாமலே கேட்டாள். "நீதான கேமரா பாக்குற பொண்ணு? எங்க ஆளு எங்க வுழுந்தாருன்னு சொல்லு. எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

"குழாயடியிலன்னு சொன்னாங்களேக்கா."

"சொன்னாங்க. குளிப்பாட்டறப்ப நான் பாத்தேன். முதுகு பூரா மரத்தூளு. காதுக்குள்ள கூட. குழாயடியில சிமிட்டித் தரைதான இருக்குது?"

கனிஷ்கா திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"குடிச்சிட்டு வுழுந்துட்டாராம். குடிப்பாரு, இல்லங்கல. ஞாயித்துக்கெழம குடிப்பாரு. அன்னிக்கு இன்னா கெழம?"

"புதன்."

"அவ்ளோதான். உன் கேமராவுல பாரு."

"அதுல அவரு இருக்க மாட்டாருக்கா."

"ஏன்? அம்மாம் பெரிய ஆளு."

"அது குதிரைய மட்டும்தான் காட்டும். மனுசன் சூடு குதிரை மேல பட்டா காய்ச்சல் மாதிரி தெரியுது. ஓனருங்க போன்ல பாத்துட்டுப் பதறுறாங்க. அதனால ஆள எடுத்துட்டு, ஆளு இருந்த எடத்துல வெறும் தரைய வரைஞ்சு வெச்சிடும். கேமராவுக்குள்ளயே வேலை முடிஞ்சிடும். எடுத்தது எங்கயும் சேராது."

"இருக்கற ஆள இல்லாம பண்ணிட்டு தரைய வரையுது."

"ஆமாக்கா."

"நல்ல படிப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த இரண்டு வார்த்தை கனிஷ்காவை உட்காரவிடவில்லை. புதன்கிழமைப் படத்தை மறுபடி எடுத்துப் போட்டாள். குதிரைகள் நின்றபடி ஓய்வெடுக்கும்போது ஒரு பின்காலைத் தளர்த்தும். குளம்பின் நுனி தரையில் இருக்கும். சற்று நேரத்தில் கால் மாற்றும். பாப்பா அப்படி நிற்கவில்லை. தூக்கிய குளம்பு தரையைத் தொடவே இல்லை. கால் நடுங்கும், இறங்கும், தரையை நெருங்கியதும் சுட்டதுபோல் மேலே போய்விடும். கழுத்தைப் பின்னால் வளைத்து மூக்கைத் தரைக்குக் கொண்டுபோகும். முகரும். மறுபடி நிமிரும். இதை அவள் புதன்கிழமையும் பார்த்தாள்தான். வலி என்று குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போனாள்.

இப்போது அவள் காலைப் பார்க்கவில்லை. காலுக்குக் கீழே இருந்த தரையைப் பார்த்தாள்.

எந்த அறையின் தரையும் சுத்தமாக இருக்காது. சாணி விழுந்த சூடு, மூத்திரம் பரவிய சூடு, குளம்பு அழுத்தி எடுத்த இடத்தில் மங்கிக்கொண்டிருக்கும் மஞ்சள் வட்டங்கள் என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். பாப்பாவின் வயிற்றுக்கடியில் ஒரு துண்டுத் தரை மட்டும் துடைத்துவிட்டதுபோல் ஒரே நீலமாக இருந்தது. வரைந்த தரை. அதன் நீளம் ஓர் ஆள் நீளம். ஓரிடத்தில் அந்த நீலம் கை அகலத்துக்கு வெளியே நீண்டிருந்தது. மத்தியானம் முழுக்க அது இருந்தது. ஆரம்பத்தில் அதன் ஓரங்கள் அசைந்தன. அப்புறம் அசையவில்லை. சாயங்காலம் கதவு தானாகத் திறந்தது. நீலம் தரையோடு தரையாக வாசல்வரை இழுபட்டுப் போயிற்று. கதவு தானாக மூடிக்கொண்டது. அதன் பிறகுதான் பாப்பா காலை ஊன்றியது.

கனிஷ்கா படத்தை நிறுத்தினாள். குளம்பில் அரை டிகிரி ஏறினால் அலறுகிற கேமரா. அதன் கண்ணெதிரே ஓர் ஆள், வெயிலில் ஏறிய சூடு இறங்காமல், கொதித்துக் கொதித்துச் செத்திருக்கிறான். அலறவில்லை. அலறாமல் இருப்பதற்குத்தான் அதற்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

குதிரை மருத்துவர் சகாயராஜ் படத்தை இரண்டு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலையில அத நடக்கவிட்டுப் பாத்தேன்மா. நல்லாதான் நடந்துச்சு. இடது கால்ல சூடு இருக்கு, ஆனா கைவெச்சா வலிக்கல. அவ்ளோ நேரம் மூணு கால்ல நின்னா சூடு ஏறத்தான் செய்யும்."

"அப்போ எழுதுங்க சார், நல்லா இருக்குன்னு."

"என் கை சொல்றத யாரு கேக்கறா? படம்தான் பேசும்னு விதி. ஏன் தூக்கிச்சுன்னு காட்டணும். காட்டறதுக்குப் படத்துல ஆளு இல்ல."

"இன்னொரு ஆள வெச்சுக் காட்டுவோம். ஆள அழிக்கறத ஒரு மணி நேரம் நிறுத்தி வெக்கிறேன். நான் போயி அதே எடத்துல படுக்கிறேன். அது திரும்பவும் கால தூக்கிச்சுன்னா, புதன்கிழமை அங்க ஒரு ஆளு இருந்தாருன்னு தெரிஞ்சிடும். குதிரையும் தப்பிக்கும், அவரு எங்க செத்தாருன்னும் வெளிய வந்துடும்."

"மிதிச்சிடுச்சுன்னா?"

"மிதிச்சா நொண்டி இல்லன்னு ஆயிடும் சார். எப்படியும் ஜெயிப்போம்."

அவர் சிரிக்கவில்லை. "அழிக்கறத ஒரு அறைக்கு மட்டும் நிறுத்த முடியுமா?"

"மொத்த லாயத்துக்கும் சேத்துதான் நிக்கும். மத்தியானம்தான சார், யாரு இருக்கா அங்க?"

மத்தியானம் லாயத்துக்குள் மனிதர்கள் போகக்கூடாது என்பது கழகத்தின் கட்டளை. குதிரைகள் ஓய்வெடுக்கும் நேரம்; மனித உடம்புச் சூடு குளிர்காற்றைக் கெடுக்கும். உச்சி வேளையில் மணி அடித்ததும் எல்லாரும் வெளியேறி மதிலோரத் தகரக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். போய்விடுகிறார்கள் என்றுதான் கனிஷ்கா நம்பினாள். தினமும் மத்தியானம் திரையைப் பார்க்கிறவள் அவள். ஒருநாளும் ஒரு மனிதரைக்கூட அங்கே பார்த்ததில்லை.

சனிக்கிழமை உச்சிவேளை மணி அடித்த பிறகு சகாயராஜைத் திரைமுன் உட்காரவைத்து, அழிப்பதை நிறுத்திவிட்டு, ஓடினாள். வாசலுக்குப் பக்கத்திலேயே பாப்பாவின் அறை. உள்ளே கால் வைத்ததும் குளிர் முகத்தில் அடித்தது. வெளியிலிருந்து வருகிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது. முனிரத்தினம் எதைத் தேடி இங்கே வந்தார் என்று இனி யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

படுத்தாள். மரத்தூள் காதுக்குள் போனது. மேலே குதிரையின் வயிறு, கருத்த மேகம்போல. அது ஒரு நிமிடம் அசையாமல் இருந்தது. பிறகு வலது பின்கால் மெதுவாக மேலே போனது. கழுத்து வளைந்து வந்தது. மூக்கு அவள் நெற்றியைத் தொட்டது, வாயைத் தொட்டது, அங்கேயே நின்றது. வெந்நீர் ஆவிபோல மூச்சு. அவள் மூச்சு விடுகிறாளா என்று அது பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. புதன்கிழமையும் அது இப்படித்தான் பார்த்திருக்கும். எந்த மூச்சுக்குப் பிறகு அடுத்த மூச்சு வரவில்லை என்று உலகத்தில் அதற்கு மட்டும்தான் தெரியும். கனிஷ்காவுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

திரும்பி வந்தபோது சகாயராஜ் எழுந்து நின்றிருந்தார். "வேலை செஞ்சுதா சார்?"

"செஞ்சுது. நீ பாரு."

பாப்பாவின் அறையை அவர் காட்டவில்லை. எல்லா அறைகளும் ஒன்றாகத் திரையில் இருந்தன. ஏறக்குறைய ஒவ்வொன்றிலும், தீவனத் தொட்டிக்குக் கீழே மூலையில், ஒரு மனிதர். முழங்காலைக் கட்டிக்கொண்டு சிலர். சுருண்டு படுத்துச் சிலர். சிவந்து, மெல்ல மஞ்சளாகி, ஆறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு குதிரையின் தலை தாழ்ந்திருந்தது. ஓர் அறையில் தாயும் பிள்ளையும்போல இரண்டு பேர். இன்னொன்றில், கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்தபடி, ஒரு பெண். கதவு திறந்ததும் அவள் எழுந்து ஓடினாள். நடையை வைத்துத்தான் அது அமுதா என்று கனிஷ்கா அடையாளம் கண்டாள்.

மேசைமேல் எல்லாப் போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. ஊட்டியிலிருந்து, துபாயிலிருந்து, சாப்பாட்டு மேசையிலிருந்து ஓனர்கள். என் குதிரைக்குப் பக்கத்தில் யாரது. காவலாளிகள் தடிகளோடு ஒவ்வோர் அறையாகப் போனார்கள். திரையில் இப்போது அவர்களும் தெரிந்தார்கள்.

சாயங்காலம் நிர்வாகி ஜெயகர் அவளைக் கூப்பிட்டார். கோபப்படவே இல்லை. கோபப்படாத மனிதர்களைக் கண்டால் கனிஷ்காவுக்கு ஆகாது.

"நல்ல வேலை செஞ்சீங்க. அந்தக் குதிரைக்கு ஊசி வேண்டாம்னு சொல்லிட்டேன். அறையில ஏதோ ஒரு பொருள் கெடந்திருக்கு, குதிரை மிதிக்காம நின்னிருக்கு. அப்படி முடிச்சிக்கலாம்."

"அந்தப் பொருளுக்குப் பேரு முனிரத்தினம், சார்."

"உங்க படத்துல பேரு தெரிஞ்சுதா?"

"அவர இழுத்துட்டுப் போனவங்களும் தெரியலதான். இன்னிக்கு எல்லாமே தெரிஞ்சுதே. நீங்க பாத்தீங்க."

"இன்னிக்குத் தெரிஞ்சதுக்குத்தான் கதவுக்கெல்லாம் பூட்டு போடச் சொல்லியிருக்கேன்" என்றார். "அழிக்கறது நின்னபடியே இருக்கட்டும். யாராவது உள்ள போனா உடனே சொல்லுங்க. இனிமே அதுவும் உங்க வேலை."

மறுநாளிலிருந்து மத்தியானங்களில் தகரக் கொட்டகை நிரம்பியது. அங்கே கேமரா இல்லை. பார்க்க அவளுக்குக் கண் இருந்தது. இரண்டாம் நாள் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். கனிஷ்கா மோர் வாங்கிக்கொண்டு போனாள். யாரும் வாங்கவில்லை. அமுதா மட்டும் அவளை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"எங்க வுழுந்தாருன்னு பாத்தியா?"

"பாப்பா அறையிலதான்க்கா. அதோட காலுக்கு அடியில. அது மிதிக்கவே இல்ல. கடைசி வரைக்கும் மோந்து பாத்துக்கினே இருந்துச்சு."

அமுதா தலையை ஆட்டினாள். நெடுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். "தனியா சாவல" என்றாள்.

"உள்ள போயி ஒக்காருவீங்கன்னு எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? நான் நிறுத்தியிருக்க மாட்டேன்."

"உன்கிட்டயா? நீ குளுரு ரூம்புல ஒக்காந்துகினு எழுதி அனுப்பற பொண்ணு. எப்படிச் சொல்றது?" குரலில் பகை இல்லை. அதுதான் தைத்தது. "உன் கேமரா எங்கள அழிக்குதுன்னு எங்களுக்கு ரொம்ப நாளா தெரியும். கூரைய பாத்து சிரிப்போம். கண்ணில்லாத மாமியான்னு அதுக்குப் பேரு வெச்சிருந்தாரு எங்க ஆளு. நாங்க தெரியாததால பொயச்சோம். அவுரு தெரியாததால செத்தாரு. நீ எத நிறுத்துவ, எத வுடுவ?"

அந்த வாரம் குதிரைகள் கெட்டுப்போயின. மத்தியானமானால் தொட்டி மூலைக்கு வந்து முகரும். ஆள் இல்லை என்றதும் அறைக்குள் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றிச் சுற்றிக் கால் சூடேறும். கொள்ளில் வாய் வைப்பதில்லை. திரையில் மஞ்சள் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பந்தயக் காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"மத்தியானம் ஆளு கூட இருந்து பழகிடுச்சு" என்று சகாயராஜ் ஜெயகரிடம் சொன்னார். "மருந்து இல்ல. ஆளத்தான் திருப்பிக் கொடுக்கணும்."

ஜெயகர் ஓனர்களோடு பேசினார். ஆள்கள் உள்ளே இருக்கலாம், ஆனால் எங்கள் போனில் தெரியக்கூடாது என்றார்கள் அவர்கள். அவர் கனிஷ்காவின் அறைக்கே வந்தார். அமுதாவையும் இரண்டு குதிரைக்காரர்களையும் சாட்சிபோல வாசலில் நிறுத்தியிருந்தார்.

"பூட்டெல்லாம் எடுத்துடறோம். பழையபடி அழிக்கறத போட்டுடுங்க."

"போட்டா அடுத்த ஆளு சாவறதும் தெரியாது சார்."

"போடலன்னா பூட்டு இருக்கும்."

கனிஷ்கா அமுதாவைப் பார்த்தாள். முனிரத்தினம் குழாயடியில் குடித்துவிட்டுச் செத்தவராகவே இருந்துவிடுவார் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அமுதாவின் தாடை ஒருமுறை இறுகியது.

"போடு" என்றாள். "வெயிலு ஏறுது."

கனிஷ்கா போட்டாள். உச்சிவேளை மணிக்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் தானாகத் திறந்து மூடின. தொட்டி மூலைகளில் துடைத்துவிட்ட நீலம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. அமுதா பாப்பாவின் அறைக்குத்தான் போயிருக்க வேண்டும்; அந்தக் குதிரை கதவு திறக்கும் முன்பே திரும்பி நின்றது. சுற்றிக்கொண்டிருந்த குதிரைகள் நின்றன. தலைகள் தாழ்ந்தன. மஞ்சள் கோடுகள் மங்கத் தொடங்கின. போன்கள் அடிக்கவில்லை. எல்லாரும் நலம்.

அவள் குதிரைகளின் கால்களைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். தலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் எரிய, டீக்கும் எழாமல். ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

சாயங்கால மணி அடித்தது. ஆள்கள் எழுந்திருக்கும் நேரம். முதல் வரிசையில் குதிரைகளின் தலைகள் நிமிர்ந்தன. பாப்பாவின் தலை நிமிர்ந்தது. இரண்டாம் வரிசை நிமிர்ந்தது. கதவுகள் தானாகத் திறந்து மூடின.

கடைசி வரிசையில், கோடியில் இருந்த அறையில், ஒரு குதிரை மட்டும் மூக்கைச் சுத்தமான நீலத் தரைமேல் வைத்தபடியே நின்றது.

கனிஷ்கா அதற்குள் வெயிலில் ஓடிக்கொண்டிருந்தாள்.